பாக்கிப் பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வியாபாரப் பணம் முடங்கினால் பலரும் முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கு. புகாரை எழுதிக்கொள்வார்கள். ஆனால் மோசடி நடந்திருந்தாலொழிய ஒப்பந்தப் பாக்கி சிவில் விவகாரம்தான். அதைப் போலீஸ் வசூலித்துத் தராது.

அடுத்து எல்லோர் வாயிலும் வருவது பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் கிடையாது. தீர்ப்பை மதிக்காமல் இருப்பதே குற்றம் என்பதால் எதிர்த்தரப்பும் சற்று அஞ்சும். இத்தனை வசதியும் சொந்த உபயோகத்துக்குப் பொருளோ சேவையோ வாங்கியவருக்குத்தான். சலவை இயந்திரம் பழுதாகி நிற்கும் குடும்பம் 3 ஆண்டுக்குள் அங்கே போகலாம். அந்தக் குடும்பத்துக்குக் கடனில் சாமான் கொடுத்த மளிகைக் கடைக்காரர் போக முடியாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு டயர் வாங்கி ஏமாந்தவருக்கும் அதே கதிதான்.

கடைக்காரருக்கு உரியது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை. 198ஆம் பாரத்தை நிரப்பித் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குப் போடுபவர் தமக்காகத் தாமே பேச வேண்டும். கடன் புத்தகமும் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தால் இதைவிட மலிவான வழி இல்லை. வரம்புதான் வெறும் 5,000 ரிங்கிட்.

பாக்கி 8,000 என்றால்? அங்கேதான் சிக்கல். வழக்கமான சிவில் வழக்கை மாஜிஸ்திரேட் 1,00,000 ரிங்கிட் வரையும் செஷன்ஸ் நீதிமன்றம் 10,00,000 வரையும் விசாரிக்கும். சட்டப்படி வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம். நடைமுறையில் எத்தனை பேரால் முடியும்? 8,000க்காக வழக்கறிஞர் வைத்தால் வென்றாலும் கையில் மிஞ்சுவது சொற்பம். அந்தத் தொகைக்கு நான் சமரசத்தையே தேர்ந்தெடுப்பேன், தவணைகளை எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கட்டட வேலை எடுக்கும் சிறு குத்தகையாளர்களுக்கு மட்டும் நல்ல ஆயுதம் ஒன்று உண்டு: 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணப்பட்டுவாடாச் சட்டம். “எனக்கு மேலிடத்திலிருந்து வந்தால்தான் உனக்கு” என்ற நிபந்தனை அந்தச் சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் வேலையை ஆரம்பிப்பவர்கள் இந்தக் கதவைத் தாங்களே சாத்திவிடுகிறார்கள்.

“எங்கள் கெடாவில் சட்டம் வேறு” என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கூட்டரசுச் சட்டம், பேராக் மாநிலத்துக்கும் கெடா மாநிலத்துக்கும் ஒன்றுதான்.

தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. கடன்காரர் இழுத்தடித்தால், அந்த அவகாசம் முடிவதற்குள் ஒரு சிறு தொகையையாவது வங்கி வழியாகப் பாக்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அவர் பணம் போட்ட நாளிலிருந்து 6 ஆண்டு புதிதாக எண்ணப்படும்.