முன்பட்ட நடவா, பின்பட்ட நடவா: நெல்லில் எதற்கு எந்த நோய்?

நோயே வராத பட்டம் என்று நெல்லுக்கு எதுவும் கிடையாது. மழைக்காலம் முடிந்து பனிக்காலம் வரும் பகுதிகளில், நடவுத் தேதியை நகர்த்தினால் பயிரின் எந்தப் பருவம் எந்த வானிலையில் மாட்டுகிறது என்பதுதான் மாறும்.

முன்பட்டத்தில் தூர் கட்டும் பயிர் மழையில் நிற்கும். காற்றோடு மழை அடித்தால் இலைகள் உரசிக் கிழியும். அந்தக் காயம் வழியே பாக்டீரியா இலைக்கருகல் நுழையும். 25 முதல் 34 டிகிரி வெப்பம் அதற்குத் தோதானது. இந்தப் பட்டத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடவே கூடாது. நோய் கண்ட வயலின் வடிநீரும் அடுத்த வயலுக்குப் போகக் கூடாது. நெருக்கி நட்டிருந்தால் நீர்மட்டத்தை ஒட்டி இலையுறைக் கருகலும் தொடங்கும்.

பின்பட்டத்தில் இவை பெரும்பாலும் தணியும், ஆனால் கதிர் பனியில் வரும். இரவு வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கி, பயிர் 10 மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவே இருந்தால் குலைநோய் பிடிக்கும். இலையில் வந்தால் பயிர் ஓரளவு தேறிவிடும். கதிர்க் கழுத்தில் வந்தால் மணி பால் பிடிக்காது. கதிர் எட்டிப் பார்க்கும்போதே பூஞ்சைக்கொல்லி தெளிக்க வேண்டும். வெண்கதிரைப் பார்த்த பிறகு தெளிப்பது வீண்செலவு. அதிலும், வெண்கதிரை இழுத்துப் பாருங்கள்: சுலபமாக உருவி வந்தால் அது தண்டுத் துளைப்பான் வேலை. வராமல், கழுத்து கருத்து ஒடிந்தால் குலைநோய்.

பின்பட்டத்தின் பெரிய தலைவலி துங்ரோ என்ற வைரஸ் நோய். முன்னால் நட்ட வயல்கள் முற்றும்போது, பச்சைத் தத்துப்பூச்சி வைரஸோடு இளம்பயிருக்குத் தாவும். வைரஸ் ஏறிய பயிருக்கு மருந்து இல்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் இரண்டு மூன்று வாரத்துக்குள் நட்டு முடித்தால்தான் தப்பலாம்.

கோடைப் பாசனப் பட்டத்தில் நோய் குறைவு. தண்ணீரும் சாம்பல்சத்தும் தட்டுப்பட்டால் செம்புள்ளி வரும்.

ஆகவே முன்பட்டம், பின்பட்டம் இரண்டில் முன்பட்டமே மேல், ரகத்தைக் கணக்குப் போட்டு எடுத்தால். நெல் அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்பு பூக்கும். விதைத்த நாளிலிருந்து 105 நாள் ரகம் 75ஆம் நாளிலும், 135 நாள் ரகம் 105ஆம் நாளிலும். (பகல் நீளத்தைப் பொறுத்துப் பூக்கும் ஒளியுணர்வு ரகங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.) முன்பட்டத்தில் குறுகிய கால ரகம் போட்டால் பூக்கும் தறுவாய் மழையில் சிக்கி, மணிகளைப் பூஞ்சை உருண்டையாக்கும் நெற்பழ நோய் விழும். தாமதமாகிவிட்டால் அதே குறுகிய கால ரகம்தான் கைகொடுக்கும்: கடும்பனிக்கு முன் கதிர் வந்துவிடும். அப்போது தழைச்சத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். மூடுபனி நீடிக்கும் நாட்களில் மேலுரத்தைத் தள்ளிவையுங்கள்.