கறந்த பாலா, டின் பாலா?

ஆங்கிலேயர் கால மலாயாவில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், தாய்ப்பால் போதாத பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, நம் ஆட்கள் கறந்து வீடு வீடாக ஊற்றிய பால். தண்ணீர் கலப்பார்கள்; அந்தத் தண்ணீர் அசுத்தமென்றால் டைபாய்டு வரும். சரி, பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும்.

இன்னொன்று, கடையில் விற்ற இனிப்பு டின் பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க். சீக்கிரம் கெடாது. ஆனால் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை! ஆடை நீக்கிய பாலில் செய்ததென்றால் வைட்டமின் ஏ-யும் இராது. வெந்நீரில் ஒரு கரண்டி கலக்கினால் வெள்ளையாகத்தான் தெரியும். அதையே குடித்த குழந்தைக்குக் கண் வறண்டு பார்வையே போகலாம். 1939-இல் சிங்கப்பூரில் குழந்தை மருத்துவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இப்படிப்பட்ட பாலால் பிள்ளைகள் சாவதைக் கொலை என்றே பேசினார். அதில் மிகையே இல்லை. அந்தக் காலத்துத் தாய்க்கு நான் காய்ச்சிய மாட்டுப் பாலைத்தான் சொல்லியிருப்பேன்.