டோக்கியோவில் பிரெஞ்சு உணவகம்: இடைத்தரகுத் தளத்தை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள்

டோக்கியோவில் உயர்தர பிரெஞ்சு உணவகம் தேடுகிறவர்கள், முக்கியமாக மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

எங்கள் திருமண நாளுக்காக டோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு உணவகத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதன் முன்பதிவு வெளிநாட்டவருக்கான ஒரு இடைத்தரகுத் தளத்தில்தான் ஆங்கிலத்தில் கிடைத்தது. ஆளுக்கு 24,000 யென். முழுத் தொகையையும் கார்டில் முன்பே எடுத்துக்கொண்டார்கள். "மாட்டிறைச்சி, கன்றிறைச்சி, அவற்றின் எலும்பில் காய்ச்சிய சாறு எதுவும் கூடாது" என்று எழுதினோம். உணவகத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்று அந்தத் தளத்திலிருந்து பதில் வந்தது.

முக்கிய உணவாக வாத்து வந்தது. மேலே கருப்பாக, பளபளப்பாக ஒரு சாஸ். என் மனைவிக்குச் சந்தேகம் வந்து கேட்டாள். பரிமாறியவர் சமையலறைக்குள் போய்த் திரும்பி வந்து, அது ஃபோன் த வோ, அதாவது கன்று எலும்புச் சாறு என்றார். அதற்கு முன் நாங்கள் குடித்து முடித்திருந்த கொன்சொமே சூப்பும் மாட்டு இறைச்சியில் காய்ச்சியதுதானாம். பிறந்ததிலிருந்து அதைத் தொடாதவள் அவள். அந்த இரவு அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

உணவகத்தார் தங்கள் முன்பதிவுச் சீட்டைக் காட்டினார்கள். "மாட்டிறைச்சி வேண்டாம்" என்று மட்டும் இருந்தது. சாறு பற்றிய வரியையே தளத்துக்காரர்கள் விட்டுவிட்டார்கள். உணவகம் தன்னளவில் மாட்டுக்குப் பதில் வாத்து வைத்திருக்கிறது, அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பில்லில் அவர்கள் செய்தது சரியில்லை. உட்கார்ந்தவுடன் வரவேற்பு போல ஊற்றிய ஷாம்பெயினுக்கு கிளாஸுக்கு 4,000 யென். தண்ணீர் பாட்டில் 1,500. மொத்தத்தின் மீது 10 சதவீத சேவைக் கட்டணம். ஏற்கெனவே கட்டிய 48,000 போக, மேஜையில் இன்னும் 15,250 யென் கொடுத்தோம். விலைப் பட்டியலை யாரும் கண்ணில் காட்டவில்லை.

ஜப்பானில் 2021 ஏப்ரலிலிருந்து கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். அதனால் பார்க்கிற விலையே கடைசி விலை என்று தோன்றும். ஆனால் சேவைக் கட்டணம் பெரும்பாலும் தனி. 10 முதல் 15 சதவீதம் வரை போகும். டிப்ஸ் மட்டும் தேவையில்லை.

சாறு விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சு சமையலின் அஸ்திவாரமே இந்தச் சாறுகள். எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் காய்ச்சி, முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு "எடுத்துவிடுங்கள்" என்றால் எடுக்க முடியாது. காய்கறித் தட்டின் சாஸிலும் அது இருக்கலாம், இனிப்பில் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். ஜப்பானிய சமையல்காரர்கள் பலர் தாஷி என்ற மீன் சாறும் சேர்ப்பார்கள். அதனால் சைவம் முடியாது என்று வெளிப்படையாக மறுக்கிற உணவகங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் "சரி" சொல்லும் இடத்தைவிட அவர்களைத்தான் நான் நம்புவேன்.

தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் கையேட்டின் முதல் ஆசியப் பதிப்பு 2007 நவம்பரில் டோக்கியோவுக்குத்தான் வந்தது, இன்று அங்கே நட்சத்திர உணவகங்களுக்குப் பஞ்சமே இல்லை. தாபெலாகு என்ற ஜப்பானிய உணவக விமர்சனத் தளத்தில் உள்ளூர்க்காரர்கள் எழுதுவதை மொழிபெயர்த்துப் படியுங்கள். அங்கே மதிப்பெண் கறாராகத்தான் விழும். 5க்கு 3.5 என்றாலே நல்ல இடம். அப்புறம், பல உணவகங்களில் மதிய கோர்ஸ் இரவு விலையில் பாதிக்கும் குறைவு, அதே சமையலறைதான். முதல் முறை போகிறவர்கள் மதியம் போங்கள்.

முன்பதிவை முடிந்தவரை உணவகத்திடமே நேரடியாகச் செய்யுங்கள். ஓட்டலில் தங்கினால் வரவேற்பில் சொல்லி ஜப்பானிய மொழியில் பேச வையுங்கள். எந்தெந்தத் தட்டில் என்ன சாறு, சேவைக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அன்றைய தினம் ரத்து செய்தால் முழுத் தொகையும் போகும் இடங்கள் நிறைய.

அந்தத் தளத்துக்கு எங்கள் பழைய செய்தியின் படத்தோடு புகார் அனுப்பினோம். தளத்துக்கான முன்பதிவுக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஜப்பானில் வசிப்பவர்களுக்கு இப்படி நடந்தால் 188 என்ற எண்ணை அழையுங்கள், உங்கள் பகுதி நுகர்வோர் மையத்துக்கு இணைப்பு கொடுப்பார்கள்.