கார் வித்துட்டு பிளேட்ட ஒப்படைக்கப் போறீங்களா? ரசீத படிச்சுட்டு கவுன்ட்டர விட்டு நகருங்க

அமெரிக்காவுல கார் விக்கப் போற, இல்ல ஸ்டேட் மாறப் போற நம்மாளுங்க இத பொறுமையா படிச்சுடுங்க. எனக்கு நடந்தது எந்த ஸ்டேட்டுன்னு சொல்லல, விஷயம் இன்னும் முழுசா முடியல.

ஊர்ல வண்டி வித்தா நம்பர் பிளேட் வண்டியோடயே போயிடும். இங்க அது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. கலிஃபோர்னியாவுல சாதா பிளேட் வண்டியோட போகும், நியூயார்க் மாதிரி இடத்துல பிளேட் நம்மகிட்டயே நிக்கும், அத டிஎம்வில (நம்மூர் ஆர்டிஓ மாதிரி, வண்டிப் பதிவு, லைசென்ஸ் பாக்கற ஸ்டேட் ஆபீஸ்) ஒப்படைச்சுட்டு அப்புறம்தான் இன்சூரன்ஸ கேன்சல் பண்ணணும். எங்க ஸ்டேட்டும் அப்படித்தான். நாம கேன்சல் பண்ணா இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து டிஎம்வி கம்ப்யூட்டருக்கு தகவல் தானா போயிடும், அங்க பிளேட் இன்னும் நம்ம பேர்ல இருந்துச்சுன்னா வண்டி ஓடுதா, எவன்கிட்ட இருக்குன்னெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னு கணக்கு எழுதிடுவாங்க.

இதெல்லாம் எனக்கு தெரியும், அதான் கடுப்பே. ஒழுங்கா ரெண்டு பிளேட்டையும் கழட்டி எடுத்துட்டுப் போய் ஒன்றரை மணி நேரம் டோக்கன் வச்சுக்கிட்டு உக்காந்து குடுத்தேன், கவுன்ட்டர்ல இருந்த அம்மா டைப் பண்ணி ரசீது குடுத்தாங்க, மடிச்சு பர்ஸ்ல வச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் இன்சூரன்ஸ் கேன்சல். ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர் வருது, உங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல, அபராதம் கட்டலைன்னா லைசென்ஸே சஸ்பெண்ட் ஆகும்னு. அபராதம் நாள் கணக்குல ஏறும். நியூயார்க்ல மொத 30 நாளைக்கு தினம் 8 டாலர், அடுத்த 30க்கு 10, அதுக்கடுத்த 30க்கு 12. எங்க ஊர் கணக்கு வேற, ஆனா வயித்தெரிச்சல் ஒண்ணுதான்.

இன்சூரன்ஸ்காரங்கள கேட்டா நாங்க சரியாத்தான் அனுப்பிருக்கோம், டிஎம்விய கேளுங்கன்னாங்க. டிஎம்விக்கு போன் போட்டா முக்கால் மணி நேரம் பாட்டு கேட்ட பிறகு ஒருத்தர் வந்து, உங்க பிளேட் எங்களுக்கு வரவே இல்லையேன்னாரு. வரலயா? ரசீது இருக்கேய்யான்னு எடுத்து நம்பர படிச்சேன், படிக்கும்போதே எனக்கு தொண்டை அடைச்சுது. 8 இருக்க வேண்டிய இடத்துல பி அடிச்சிருக்காங்க. அந்த நம்பர் வேற யாரோடதோ! அவர் பிளேட்ட ஒப்படைச்சுட்டதா பதிவாகியிருக்கு, அந்த மனுஷன் பாவம் எதுவும் தெரியாம வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு, போலீஸ் நிறுத்தினா என்ன சொல்லுவாரு. அவருக்கு தகவல் சொல்லுங்கன்னு நான் கேட்டதுக்கு, அது உங்க கேஸ் இல்ல சார்னு பதில்.

நேர்ல போனா இன்னும் மோசம். ரசீதுல இருக்கற நம்பர்தான் செல்லும், நீங்க குடுத்தது எந்த பிளேட்டுன்னு எங்களுக்கு எப்படி தெரியும்ங்கறாங்க. தப்பு பண்ணது அவங்க, நிரூபிக்க வேண்டியது நான். நல்லவேளையா, ஒப்படைக்கறதுக்கு முன்னாடி கார் டிக்கில பிளேட் ரெண்டையும் வச்சு சும்மா ஒரு போட்டோ எடுத்திருந்தேன், தேதி நேரத்தோட போன்ல கெடந்துச்சு. அது, வித்த பத்திரம், ரசீது, இன்சூரன்ஸ் கேன்சல் ஆன லெட்டர் எல்லாத்தையும் காப்பி எடுத்து சர்டிஃபைட் மெயில்ல அனுப்பினேன். மூணு வாரம் ஒரு சத்தமும் இல்ல.

கடைசில வேலைய முடிச்சது யாருன்னா எங்க ஏரியா ஸ்டேட் அசெம்ப்ளி மெம்பரோட ஆபீஸ். நான் வேலை பாக்கற இடத்துல ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும், இந்த மாதிரி அரசாங்க ஆபீஸ் சிக்கலுக்கு உதவி பண்ண மெம்பர் ஆபீஸ்ல ஆள் வச்சிருக்காங்க, காசு கிடையாது, நாம சிட்டிசனா இல்லையான்னு என்கிட்ட கேக்கவும் இல்ல. அவங்க விசாரிச்ச ஒரே வாரத்துல அபராதம் ரத்துன்னு லெட்டர் வந்துடுச்சு. இத மொத வாரமே பண்ணியிருக்கணும், நான்தான் அரசியல்வாதி ஆபீஸாச்சேன்னு ஒதுங்கிட்டேன்.

ஸோ பிளேட் குடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ரசீதுல ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு ஒப்பிடுங்க, பின்னாடி நிக்கறவன் முறைச்சா முறைக்கட்டும். வின் நம்பரையும் (வண்டியோட அடையாள எண்) பாருங்க, மொத்தம் 17 இருக்கும், அதுல ஐ, ஓ, க்யூ வரவே வராது, வந்திருந்தா கண்டிப்பா டைப்பிங் தப்பு.

இப்போ புது காருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும்னு கேட்டா, உங்களுக்கு நடுவுல லாப்ஸ், அதாவது இன்சூரன்ஸ் இல்லாத இடைவெளி, காட்டுதேன்னு ஒரு கம்பெனி கூடுதலா காசு கேக்கறான். ரத்தான லெட்டர அனுப்பிட்டு உக்காந்திருக்கேன், நாலு நாளாச்சு.