'ஹை-ரெஸ் ஸ்ட்ரீமர்' என்று விற்றது வெறும் புளூடூத் பெட்டி: 64,000 ரூபாய் போனது, எச்சரிக்கை

வீட்டு ஒலியமைப்புக்காக இசைச் சேவையையும் ஸ்ட்ரீமரையும் (இணையத்திலிருந்து இசையை நேரடியாக இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் பெட்டி) ஒரே தொகுப்பாக வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில், வீட்டு ஆடியோ கருவிகளை மட்டுமே விற்கும், மாடியில் குளிரூட்டப்பட்ட கேட்பறை வைத்திருக்கும் ஒரு கடையில் நான் 64,000 ரூபாய் கொடுத்தேன். அதில் 47,500 ரூபாய் நெட்வொர்க் ஸ்ட்ரீமர் என்று சொல்லப்பட்ட பெட்டிக்கு. 7,000 ரூபாய் 'ஆடியோ தர' லேன் கேபிளுக்கு. 9,500 ரூபாய் வெளிநாட்டு உயர்தர இசைச் சேவை ஒன்றின் ஓராண்டுச் சந்தாவுக்கு. இன்று சந்தா முடங்கிவிட்டது, பெட்டி சொன்ன வேலையைச் செய்யவில்லை, கடைக்காரர் என் அழைப்பை எடுப்பதில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

எனக்கு வேண்டியது என்ன என்பதைக் கடைக்குள் நுழைந்த உடனேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். வீட்டில் என் தந்தை வாங்கிய ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கின்றன, சிடியில் கேட்கும் தரம் குறையாமல் இணையத்திலிருந்து இசை கேட்க வேண்டும், புளூடூத் வேண்டாம். சிடியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு இருக்கிறது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் அடிப்படை முறையான எஸ்.பி.சி. வழியாகச் செல்வது பொதுவாக 328 கிலோபிட்தான். சோனி உருவாக்கிய, அதைவிட மேலான எல்டாக் முறை கூட 990 கிலோபிட்டைத் தாண்டாது. இதையெல்லாம் நான் சொன்னபோது கடை உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "புளூடூத்தா? அது கார்ல கேக்கறதுக்கு சார்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மீது நம்பிக்கை வந்தது விற்பனைப் பேச்சால் அன்று. புதிய ஸ்பீக்கரும் சேர்த்து வாங்கலாமா என்று நானே கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்தார். என் ஆம்ப்ளிஃபையரின் மாடலைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல எவ்வளவு கனமான டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கான் தெரியுமா, அதை மட்டும் வித்துடாதீங்க" என்று அக்கறையோடு சொன்னார். ஒரு லட்ச ரூபாய் விற்பனையைக் கைவிடும் மனிதர் 64,000 ரூபாயில் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? பிறகு கேட்பறையில் அமரவைத்து, என் விருப்பம் கேட்டு, ஒரு வயலின் கச்சேரியை முதலில் சாதாரணப் பெட்டியிலும் பின்பு தாம் விற்கும் ஸ்ட்ரீமரிலும் ஒலிக்கவிட்டார். இரண்டாவது முறை தம்புராவின் ரீங்காரம் அறை முழுவதும் நிறைந்தது. இரண்டாவது முறை ஒலியளவும் சற்றே கூடியிருந்தது. இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது சிறிதளவு உரக்க ஒலிப்பதையே காது சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் என்பது ஒலித்துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதோடு, அன்று ஒலித்தது இசைச் சேவையிலிருந்து வந்ததன்று, பெட்டியின் பின்புறம் செருகியிருந்த பென்டிரைவிலிருந்து வந்தது என்பதைக் கடையின் உதவியாளரே பின்னர் வாய்தவறிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த தொழில்நுட்ப ஊழியர் அந்த 7,000 ரூபாய் கேபிளை ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு நேர்த்தியாக இழுத்துப் பொருத்தினார். என் கைபேசியை வாங்கி, செயலியை நிறுவி, அவர் கொண்டுவந்த மின்னஞ்சல் முகவரியிலேயே கணக்கைத் திறந்து பாட்டை ஒலிக்கவிட்டார். பெட்டியின் முகப்பில் '192' என்ற எண் ஒளிர்ந்தது, அதாவது 192 கிலோஹெர்ட்ஸ், சிடியைவிட உயர்ந்த 'ஹை-ரெஸ்' தரம். "பாருங்க சார், ஹை-ரெஸ் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சில வாரங்கள் கழித்து, ஆலாபனையின் நடுவே ஸ்பீக்கரிலிருந்து வாட்ஸ்அப்பின் 'டிங்' ஒலி கேட்டது. கைபேசிக்கு அழைப்பு வந்தால் பாட்டு நின்றது. உண்மையான ஸ்ட்ரீமரில் இது நடக்கவே முடியாது. ஏனென்றால் கைபேசி அங்கே வெறும் ரிமோட் மட்டுமே, பாட்டைச் சேவையின் சர்வரிலிருந்து நேரடியாக இழுப்பது பெட்டிதான், கைபேசியை அணைத்துவிட்டாலும் பாட்டு தொடர வேண்டும். கைபேசி அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். பெட்டி புளூடூத்தில் இணைந்திருந்தது. முறை, எஸ்.பி.சி. அந்தச் சேவை இந்தப் பெட்டியில் நேரடியாக இயங்கவே இயங்காது. அதனால் ஊழியர் சத்தமில்லாமல் புளூடூத்தில் கோத்துவிட்டுப் போயிருக்கிறார். லேன் கேபிள் அழகுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. முகப்பில் தெரிந்த 192, உள்ளே வரும் எதையும் அந்த அளவுக்கு உயர்த்திக் காட்டும், பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சில்லின் எண். மூலத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சொம்பில் ஊற்றிக் கொடுத்தது போலத்தான்.

இதைக் கேட்டுக் கடைக்குப் பேசத் தொடங்கியதற்கு அடுத்த வாரமே சந்தாவும் போயிற்று. அந்தச் சேவை இந்தியாவில் அதிகாரபூர்வமாகச் சந்தா விற்பதே இல்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. வேறொரு நாட்டில் யாரோ எடுத்திருந்த குடும்பத் திட்டத்தில் ஓர் இடத்தை எனக்கு 9,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அந்தக் 'குடும்பத்தலைவர்' நீக்கியவுடன் நான் வெளியே. சேர்த்து வைத்த பாடல் பட்டியல்களும் அந்த மின்னஞ்சலோடு போய்விட்டன.

பிறகு கிடைத்த பதில்களை வரிசையாக எழுதுகிறேன், அடுத்தவருக்கும் இவையேதான் கிடைக்கும். முதலில், "சர்வர் பிரச்சினை, தானா சரியாகும்." அடுத்து, "உங்க நெட் சரியில்லை." என்னிடம் இருப்பது 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி, சுருக்காமல் அனுப்பினாலும், ஏறத்தாழ 9.2 எம்.பி.பி.எஸ்.தான் கேட்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதன்பின், பெட்டி 'பழக' இருநூறு மணி நேரம் ஓட வேண்டும் என்றார்கள். புளூடூத் எத்தனை மணி நேரம் ஓடினால் லேனாக மாறும் என்று கேட்டேன், பதில் இல்லை. நேரில் போனபோது அதே உரிமையாளர், அதே நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "உங்க ஆம்ப்ளிஃபையர் ரொம்பப் பழசு சார், அதுல எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது" என்றார். விற்றுவிடாதீர்கள் என்று இவர்தான் சொன்னார்! கடைசியாக, இன்னும் 35,000 ரூபாய் கொடுத்தால் அடுத்த மாடலுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கையில் இருந்த தாளைக் காட்டி, இது 'எஸ்டிமேட்'தான், பில் இல்லை, அதனால் திரும்பப் பெற முடியாது என்றார்கள். வரியோடு கூடிய பில் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொல்லி இழுத்தடித்தவர்களும் இவர்களே. 64,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது தேதியும் தொகையும் மட்டும் எழுதிய ஒரு துண்டுத்தாளும், பணம் அனுப்பிய யுபிஐ பதிவும்தான்.

அந்தத் தாளை அவர்கள் கேடயமாகக் காட்டினாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.

எந்தச் சேவை, எந்த இணைப்பு, எந்த டி.ஏ.சி. (டிஜிட்டல் தரவை ஆம்ப்ளிஃபையருக்கான ஒலி மின்னலையாக மாற்றும் கருவி) என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. இந்தியாவில் நேரடியாக, உங்கள் பெயரில், உங்கள் அட்டையில் சந்தா கட்ட முடியாத சேவையை எந்தக் கடை விற்றாலும் வாங்காதீர்கள். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் கட்டணமின்றி லாஸ்லெஸ் (தரம் இழக்காத ஒலி) தருகிறது, இங்கேயே கிடைக்கிறது. ஆனால் அதையும் புளூடூத்தில் கேட்டால் லாஸ்லெஸ் கிடையாது, கைபேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ யுஎஸ்பி வழியாக ஒரு டி.ஏ.சி.க்குக் கொண்டுபோங்கள். ஸ்ட்ரீமர் வாங்கினால், கடையிலேயே உங்கள் கணக்கில் பாட்டை ஓடவிட்டு, கைபேசியை அணைத்துப் பாருங்கள். பாட்டு நின்றால் எழுந்து வந்துவிடுங்கள். சில நூறு ரூபாய் கேட் 6 வகை லேன் கேபிள் போதும், 7,000 ரூபாய் கேபிள் வேண்டாம்.

இன்னொன்று, அவசரம். இதே பெட்டி, இதே கேபிள், இதே 'ஓராண்டுச் சந்தா' கொண்ட தொகுப்பை இந்த வாரம் பண்டிகைத் தள்ளுபடி என்று 58,000 ரூபாய்க்கு விளம்பரப்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட தொகுப்புக்கு யாராவது முன்பணம் கட்டியிருந்தால், மீதியைக் கொடுப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணும் மாடல் எண்ணும் சந்தா யார் பெயரில் என்பதும் எழுதப்பட்ட பில்லைக் கையில் வாங்குங்கள். தராவிட்டால் முன்பணத்தை அன்றே எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.