வண்டி நல்ல வண்டிதான், விற்றவர்கள்தான்: டர்பனில் புதுக்கார் வாங்கிய அனுபவம்

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சென்னைப் பக்கத்து ஆலையில் செய்து, கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கிய சின்ன வண்டி. சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் வேலைக்கு, எப்போதாவது என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்க். வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான். நான் எழுத வந்தது விற்ற ஷோரூமைப் பற்றியும், அங்கே கையெழுத்தானவை பிறகு என்ன ஆயின என்பதைப் பற்றியும்.

2022 நடுவில் வாங்கினோம். அந்த ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றிருந்த நேரம். அங்கே செய்யும் வண்டிக்குக் காத்திருந்த என்னைப் போன்றவர்கள் வேறு ஷோரூம்களில் ஏறி இறங்கினோம். பேரம் பேச இடமே இல்லை. விற்பனையாளர் நம்ம ஆள், டோங்காட்டுக்காரர். "அண்ணா, உங்களுக்காகத்தான் இந்த விலை" என்று ஆரம்பித்தபோதே உஷாராகிவிட்டேன். வெள்ளை நிறம் கேட்டோம். கப்பலில் இருக்கிறது, துறைமுகத்தில் இருக்கிறது, அடுத்த கப்பலில் வருகிறது என்று வாரத்துக்கு ஒரு கதை. கடைசியில் சாம்பல் நிறம்தான் இருக்கிறது, இன்று எடுக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்றார். எடுத்தோம்.

அசல் வியாபாரம் நடப்பது பின்னால் இருக்கும் கண்ணாடி அறையில். கடனையும் காப்பீட்டையும் பார்க்கும் மேனேஜர் அங்கே இருப்பார். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், மாதத் தவணையைத்தான் சொல்வார். தவணை கூட என்று நாம் தயங்கினால் பலூனை எடுப்பார்: ஒரு பெரிய தொகையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைப்பது. என் மச்சான் அங்கேயே போனில் கணக்குப் போட்டான். 3,00,000 ராண்ட் கடன், 12 சதவீத வட்டி, 72 மாதம் என்றால் தவணை சுமார் 5,865. முப்பது சதவீதம் பலூன் வைத்தால் 5,005-க்கு இறங்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசியில் 90,000 ராண்டை ஒரேயடியாக வைக்க வேண்டும், மொத்தத்தில் கிட்டத்தட்ட 28,000 கூடுதலாகவும் போகிறது. வேண்டாம் என்றோம்.

அதே வித்தையைக் கூடுதல் பொருட்களிலும் காட்டுகிறார்கள். 15,000 ராண்ட் பேக்கேஜைக் கடனோடு சேர்த்தால் "மாதம் 293 தானே" என்பார்கள். முடியும்போது அது 21,000-ஐத் தாண்டியிருக்கும். வங்கிக்கு மாதம் 69 ராண்ட் சேவைக் கட்டணம் தனி. 72 மாதத்துக்கு அதுவே 5,000-ஐத் தொடுகிறது.

எங்களுக்கு வந்த பேக்கேஜ் "ஏற்கெனவே பூசியாச்சு, கழிக்க முடியாது" என்ற வகை. அதில் உருப்படியானது கண்ணாடியில் ஒட்டிய பாதுகாப்புப் படலம். ரோபோவில் (இங்கே சாலை சிக்னலுக்கு அதுதான் பெயர்) சிவப்பு விழுந்து நிற்கும்போது எவனாவது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கிவிடுவானோ என்ற பயம் குறைந்தது. பெயிண்ட் பாதுகாப்புப் பூச்சு சுத்த தண்டம். டர்பனில் மைனாக்கள் எத்தனை என்று தெரியும்தானே, எங்கள் வாசல் மாமரத்தில் மட்டும் ஒரு கூட்டம். அவற்றின் எச்சம் பானெட்டில் தழும்பே போட்டுவிட்டது. உத்தரவாதம் கேட்டுப் போனால், வருடாந்தரப் பரிசோதனை முத்திரை புத்தகத்தில் இல்லை என்றார்கள். அப்படி ஒரு பரிசோதனை உண்டு என்று விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

காப்பீட்டையும் அங்கேயே எடுக்கச் சொன்னார்கள். கடன் கொடுப்பவர் காப்பீடு கேட்கலாம், ஆனால் எந்த பாலிசி என்பது நம் விருப்பம். தேசியக் கடன் சட்டத்திலேயே இருக்கிறது. வெளியில் எடுத்தேன், குறைவாகவே வந்தது.

வட்டிதான் வலித்தது. நிலையான வட்டியா, பிரைமோடு (வங்கிகளின் அடிப்படை வட்டி விகிதம்) ஏறி இறங்கும் வட்டியா என்று கேட்டபோது, "எல்லோரும் இரண்டாவதுதான் எடுக்கிறார்கள்" என்றார் மேனேஜர். 2022 ஜூலையில் 9 சதவீதமாக இருந்த பிரைம் 2023 மே மாதம் 11.75 ஆனது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தவணை புதிதாக வந்தது. ரிசர்வ் வங்கி ஏற்றியதற்கு ஷோரூமைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாததற்குச் சொல்லலாம்.

வாங்கிய கொஞ்ச நாளில் பின்பக்கக் கேமரா அணைந்து அணைந்து எரிந்தது. சாஃப்ட்வேர், தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்று இழுத்தார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன்: ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்புவதா என்று முடிவு செய்வது வாடிக்கையாளர். மோட்டார் தொழில் ஓம்புட்ஸ்மனிடம் (வாகனப் புகார்களை விசாரிப்பவர்) போவேன் என்றும் சேர்த்தேன். அதே வாரம் கேமரா மாறியது. வாயால் பேசியதற்கெல்லாம் ஒரு பலனும் இல்லை, எழுத்துக்குத்தான் மரியாதை.

வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்றும் பயமுறுத்தினார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல், 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது, அப்படிச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் ஏதாவது கெடுத்தால் அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்க முடியாது, அது நியாயம்தான். சர்வீஸ் பிளான் முடிந்தபின் மெர்பேங்க் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த ஒருவரிடம் விடுகிறேன், ரசீதை எல்லாம் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஷோரூமிலிருந்து அடிக்கடி அழைப்பு: "வண்டியை மாற்றிக்கொள்கிறீர்களா அண்ணா, தவணை அதேதான்." வங்கிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, இந்த வண்டிக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள், இரண்டையும் எழுதி அனுப்புங்கள் என்கிறேன். இதுவரை அனுப்பவில்லை.