கருவேல முள் கீறலும் அல்டிமேட் காம்பவுண்டும்

சிவராத்திரிக்குக் கமுதிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஒற்றைத் தார்ச்சாலை, இரு பக்கமும் சீமைக் கருவேலம். எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு டாடா ஏஸ் வந்தது. வழிவிடுவதற்காக வண்டியை இடது ஓரம் ஒதுக்கினேன். கதவோரம் கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் மதுரை வெயிலில் பார்த்தபோது வயிறு எரிந்தது. அப்பா 2017இல் வாங்கிய பலேனோ கார் அது. கருநீலம் வேறு, முடி அளவு கீறல்கூட வெள்ளைக் கோடாக எடுத்துக்காட்டும்.

பட்டறையில் காட்டினேன். “ரெண்டு டோரு, பின்னாடி குவார்ட்டர் பேனல், மூணையும் அடிச்சிடலாம்க்கா” என்று 14,000 ரூபாய் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. காசு மட்டும் காரணமில்லை. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே பெயிண்ட் அடித்து, சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். பட்டறைக்கு வரும் வண்டியில் ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் இருக்கும். அங்கே 60 டிகிரி வாக்கில்தான் சூடு வைக்க முடியும். அந்த ஒரிஜினல் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டால் எடுத்ததுதான்.

பார்வை மங்கியதிலிருந்து அப்பா வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் குறுக்காக நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “நகம் சிக்கலம்மா, மேலாப்புலதான் இருக்கு” என்றார். நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு உண்டு. 40, 50 மைக்ரான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிசு. நகம் சிக்காத கீறல் பெரும்பாலும் அதற்குள்ளேயே நின்றுவிடும். மொத்தம் 17 கோடுகள் எண்ணினோம். நகம் சிக்கியவை மூன்றுதான்.

அந்தத் தைரியத்தில், மேலாப்பான கீறல்களைத் தேய்த்து எடுக்கும் கிரீமான மெக்வயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட் 450 மில்லி பாட்டில் வாங்கினேன். சாதாரண ரப்பிங் காம்பவுண்டோடு பார்த்தால் விலை அதிகம்தான். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மெஷின் இல்லாமல் கையாலேயே தேய்க்கலாம் என்பது. முன்பு பம்பரில் ஒரு மலிவான காம்பவுண்ட் போட்டு, கீறல் போய் அந்த இடமே புகை படிந்த மாதிரி ஆனது. இதில் அந்த மங்கல் வரவில்லை.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்தேன். ஒரு மணல் துகள் இருந்தாலும் நாமே புதுக் கீறல் போட்டுவிடுவோம். வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்தேன். நிழலில், கதவு கை வைத்தால் குளிர்ந்திருந்த நேரத்தில், பின் கதவில் ஓர் அடிச் சதுரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். ஃபோம் பேடில் நான்கு சொட்டு. இரண்டு நிமிடம் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். கோடு பாதி மங்கியிருந்தது. மூன்றாவது தடவை, டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. நம்பவே முடியவில்லை!

ஒவ்வொரு தடவையும் துணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டின் நிறம் மட்டும்தான் இருக்க வேண்டும். என்னுடையது போன்ற கிளியர் கோட் வண்டியில், துணியில் வண்டி நிறம் ஒட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள அடுக்கைச் சீவி அதன் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மாதாமாதம் செய்யும் வேலை இல்லை இது.

டேப்பை எடுத்ததும் இன்னொன்று தெரிந்தது. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் தெருவிலுள்ள எல்லா வண்டிகளையும் துடைக்கிற துணியால் வந்த சிலந்தி வலைக் கோடுகளும் அந்தச் சதுரத்தில் போயிருந்தன. உள்ளே மை ஊற்றி வைத்தது போல ஆழமான நீலம், வெளியே வெளிறிய நீலம். அப்புறம் முழுக் கதவையும் செய்யாமல் விட முடியுமா? ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. முழு வண்டிக்கும் செய்வதென்றால் பாலிஷ் மெஷின்தான் சரி.

குறை என்றால், கண்ணாடி ஓரத்துக் கறுப்பு ரப்பரில் பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொண்டு சுலபத்தில் போகாது. அங்கேயும் டேப் ஒட்டிவிடுங்கள். இதில் பாதுகாப்புப் பூச்சு எதுவும் இல்லாததால், முடித்ததும் வாக்ஸ் தனியாகப் போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

14 கோடுகள் போய்விட்டன. நகம் சிக்கிய மூன்றும் ஓரம் மழுங்கி, தள்ளி நின்றால் தெரியாத அளவுக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்கு வண்டியின் நிறக் குறியீட்டைப் பார்த்து டச்-அப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன், தீக்குச்சி முனையால் வைக்கலாம் என்று. பாட்டிலில் இன்னும் முக்கால் பங்கு மிச்சம். அடுத்த சிவராத்திரிக்கும் அதே சாலைதான்.